அருவியைக் கண்டவரும் குளவியைக் கண்டவரும்

உறைந்து நின்ற ஓர் அருவி நாத்திகர் ஒருவரை மண்டியிட வைத்தது. மரபணு விஞ்ஞானி பிரான்சிஸ் காலின்ஸைப் பற்றிக் கிறிஸ்தவ மேடைகளில் சொல்லப்படும் கதை இது. அமெரிக்காவின் காஸ்கேட் மலைத்தொடரில் நடந்துபோனபோது, ஒரு திருப்பத்தில் பல நூறு அடி உயரத்துக்கு உறைந்துகிடந்த அருவியைக் கண்டார். மறுநாள் விடியற்காலையில் பனித்துளி படர்ந்த புல்லில் முழந்தாளிட்டு இயேசுவை ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 27. மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமையேற்று 2003-ல் அதை நிறைவுசெய்தவர் அவர்தான். அருவி நிகழ்ச்சியை, 2006-ல் வெளியான தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

கதை உண்மை. ஆனால், பெரும்பாலும் அதன் கடைசிப் பக்கம் மட்டுமே சொல்லப்படுகிறது. காலின்ஸ் மருத்துவ மாணவராக இருந்தபோது, கடும் இதயநோயால் துன்பப்பட்ட ஒரு மூதாட்டி தம் விசுவாசத்தைப் பற்றிப் பேசிவிட்டு, “டாக்டர், நீங்கள் எதை நம்புகிறீர்கள்?” என்ற பொருளில் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் காலின்ஸ் முகம் சிவந்துபோனார். கடவுள் இருக்கிறாரா என்று ஒருநாள்கூட நேர்மையாக ஆராயாமலேயே இல்லை என்று முடிவுகட்டியிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு மெதடிஸ்ட் போதகரிடம் போனார். அவர் கொடுத்த, எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார். மனிதருக்குள் நன்மை, தீமை என்ற உணர்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. அருவி வந்தது இத்தனைக்கும் பிறகு. அதற்குள் பாதி வழி வந்திருந்தவரை அது மீதித் தூரம் கூட்டிப்போனது.

இந்த முன்கதையை விட்டுவிட்டால், இயற்கை ஒரு சாட்சிக்கூண்டாகிவிடுகிறது: இவ்வளவு அழகு தானாக வந்திருக்குமா, ஆகவே கடவுள் உண்டு. 1802-ல் ஆங்கிலேய மதகுரு வில்லியம் பேலி இதைத்தான் ஒரு புத்தகமாகவே எழுதினார். வெளியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்த ஒருவர் இருப்பதாக முடிவுசெய்கிறோம் அல்லவா, கண்ணும் சிறகும் அப்படித்தான் என்றார். கேம்பிரிட்ஜில் படித்த ஓர் இளைஞர் பேலியின் எழுத்தில் மயங்கினார். அவர் பெயர் சார்லஸ் டார்வின்.

அந்த டார்வின் 1860 மே மாதம் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டு, தன் குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்னும்படி செய்யும் ஒட்டுண்ணிக் குளவிகளை, கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய செல்ல மகள் ஆனி பத்து வயதில் நோயில் இறந்திருந்தாள்.

கடிதத்தைப் பெற்ற கிரே யார்? பிரெஸ்பிடீரியன் சபையைச் சேர்ந்த உறுதியான கிறிஸ்தவர். அதே சமயம் அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர். இருவரும் ஒரே செடிகளையும் பூச்சிகளையும் பற்றித்தான் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஒருவரின் நம்பிக்கை தேய்ந்தது, மற்றவருடையது நிலைத்தது. இயற்கை தானே தீர்ப்புச் சொல்லிவிடும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கடிதக் கட்டை ஒருமுறை புரட்ட வேண்டும்.

தமிழகக் கடற்கரைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அது அற்புதம் என்று பலர் சொன்னார்கள். ஆலயத்தைக் காத்த கையைக் கடலில் கண்டவர்கள், சில நூறு அடி தள்ளிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் என்ன சொல்வார்கள்?

வேதாகமம் இந்த இடத்தில் பிரசங்கங்களைவிடத் துணிச்சலானது. வானங்கள் தேவனின் மகிமையைப் பேசுவதாக 19-ஆம் சங்கீதம் பாடுகிறது. படைப்பைப் பார்த்தே கடவுளை அறியலாம் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். ஆனால், இயற்கையைப் பற்றிய நீண்ட உரை யோபு புத்தகத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளை இழந்து, உடலெல்லாம் புண்ணாகிக் கேள்வி கேட்பவனுக்குக் கடவுள் காட்டுவது பூந்தோட்டத்தை அல்ல. தன் முட்டைகளை மண்ணில் மறந்துவிட்டுப் போகும் தீக்குருவி, இரத்தம் உறிஞ்சும் கழுகுக் குஞ்சுகள், யாராலும் அடக்க முடியாத லிவியாதான் என்ற பெருவிலங்கு. யோபுவின் துன்பத்துக்குக் காரணம் அங்கே சொல்லப்படுவதே இல்லை.

இயற்கையின் கரடுமுரடான பக்கத்திலிருந்தே கடவுளைப் பற்றிப் பேசிய ஒருவர் கொல்லிமலையில் பிறந்தார். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் அறுவைச் சிகிச்சை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதாகவே அப்போது பொதுவாக எண்ணப்பட்டது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் தடுமாறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. விரல்களைத் தின்றது நோய்க்கிருமி நேரடியாக அல்ல என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, பிறகு சூடான பாத்திரமும் ஆணியும் பொருந்தாத செருப்பும் மீதி வேலையைச் செய்கின்றன. மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையில் இருந்த தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து மீண்டும் இயங்கவைத்தார்.

பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், உணர்வற்ற கைகளுக்காகச் செயற்கை வலி தரும் கருவியொன்றைச் செய்ய முயன்றார். பெரும் செலவு, நுட்பமான உணர்விகள் அடிக்கடி பழுதாயின. எச்சரிக்கை தொல்லையாகும்போது நோயாளிகள் அதை அணைத்துவிடவும் செய்தார்கள். அந்தத் தோல்வி அவரை வியப்பில் ஆழ்த்தியது. அணைக்க முடியாதபடி வலி உடலில் அமைந்திருப்பதைப் படைத்தவரின் கைவேலையாகவே கண்டார். வலியை யாரும் விரும்பாத ஒரு கொடை என்று 1993-ல் எழுத்தாளர் ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதினார். புற்றுநோயின் கடைசி நாட்களில் எதற்கும் பயனில்லாமல் வதைக்கும் வலிக்கு இது விடையாகாது. ஆனியின் மரணத்துக்கும் ஆகாது. ஆனாலும், குளவியைக் கண்டு முகம் திருப்பாத விசுவாசம் இது.

அறிவியல் இன்னும் விளக்காத இடங்களில் கடவுளைக் குடியமர்த்தும் பழக்கமும், இயற்கையைச் சாட்சிக்கூண்டாக்குவதைப் போலவே பிசகுகிறது. கோள்களின் பாதை காலப்போக்கில் குலையும், கடவுள் அதைச் சீர்செய்வார் என்று நியூட்டன் கருதினார். பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸின் கணக்கு அந்தத் தேவையை நீக்கியது. 2005-ல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், உயிர்களின் சிக்கலான அமைப்புக்குப் பரிணாமம் போதாது, வடிவமைத்த ஒருவர் வேண்டும் என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் அல்ல என்று சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். காலின்ஸும் பரிணாமத்தை ஏற்பவர்தான்.

ஆகவே, கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் லீலி மலரையும் சிட்டுக்குருவியையும் வரையச் சொல்லும் ஆசிரியர்கள், யோபுவின் 39-ஆம் அதிகாரத்தையும் பிள்ளைகளோடு வாசிக்கலாம். குளவியைப் பற்றி ஒரு மாணவி கேட்டால், அவளை அதட்டாமல் டார்வினின் கவலையையும் கிரேயின் விசுவாசத்தையும் சேர்த்தே சொல்லலாம். கல்லூரியில் உயிரியல் படிக்கப் போகும்போது அவளுக்கு இவ்விரண்டும் தேவைப்படும்.