லேபிளில் 450 வாட், உள்ளே எத்தனை?



அன்பிற்குரிய பெற்றோர்களே! பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கணினியைப் புதுப்பிக்கிறீர்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மனமுவந்து செலவிடுகிறீர்கள். எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையை வாங்கும்போது மட்டும், "இருப்பதிலேயே மலிவானதைக் கொடுங்கள்" என்கிறீர்கள். இது சிக்கனமன்று, வீண்விரயம்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கணினியின் எல்லா உறுப்புகளுக்கும் பகிர்வது இந்தப் பெட்டியே. தரமற்ற பெட்டி பழுதானால் தான் மட்டும் அழிவதில்லை. சில வேளைகளில் மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

இத்தலார் போன்ற மலையூர்களில் வாழும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பைக்காரா மின் நிலையம் 1932இலேயே இயங்கத் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. ஆயினும் பருவமழையில் மரம் சாய்ந்தால் நம் வீடுகள் இருளில் மூழ்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. போன மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அந்த அடியை முதலில் தாங்க வேண்டியது பவர் சப்ளைதான்.

இனி, விற்பவர்களிடம் கேட்கிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. கீழேயுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட்! இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. அப்படியிருக்க, அந்த 450 எதற்கு? எடைக்கல்லைக் குறைத்து வைப்பவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க முதஃப்பிஃபீன் என்றொரு தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு என்பதை நம் வியாபாரிகள் நினைவில் கொள்ளட்டும்.

"பழைய எஸ்எம்பிஎஸ் பத்து ஆண்டுகளாக ஓடுகிறதே!" என்பர் சிலர். பழைய கணினி கேட்ட மின்சாரம் குறைவு. புதியது கேட்பது அதிகம். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பர் வேறு சிலர். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம்.

மறுபுறம், "850 வாட் இல்லாமல் முடியாது" என்று அச்சுறுத்தும் கடைக்காரரையும் நம்ப வேண்டாம். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், கூட்டினால் 232. மற்ற உறுப்புகளுக்கு 60, 70 சேர்த்தாலும் ஏறத்தாழ 300தான். அந்தக் கார்டுக்கு என்விடியா நிறுவனமே பரிந்துரைப்பது 550 வாட். உண்மையான 550 இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண்.

வாங்கும்போது லேபிளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது சான்றாகாது. ஆகவே வோல்டேஜ் மிகுதல், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா எனக் கேளுங்கள். வாரண்டி எத்தனை ஆண்டு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றி மாட்டும் வகையாயின் பழையதன் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு மாறியிருக்கலாம், டிஸ்க் கருகிவிடும். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். பழுதான பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பிள்ளையின் கணினிக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் உங்களிடம் உள்ள அமானிதம். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அதை ஒரு பொய் எண்ணிடம் ஒப்படைக்காதீர்கள்.