பெரிய படம் எடுத்தால் போதுமா?

"வயிற்றில் கட்டி இருக்கலாம்" என்று டாக்டர் சொல்கிறார். வீடே கலங்கிப் போகிறது. "செலவைப் பார்க்காதே தம்பி! எது பெரிய ஸ்கேனோ, அதை எடுத்துவிடு!" என்கிறார் மாமா. மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறாள்.

அந்தப் பாசம் பெரிது. ஆனால், அந்த எண்ணம் தவறு. துணி தைக்க ஊசி வேண்டும். விறகு பிளக்கக் கோடரி வேண்டும். கோடரி பெரிது என்பதற்காக அதைக் கொண்டு துணி தைக்க முடியுமா? மருத்துவக் கருவிகளும் அப்படித்தான்.

கட்டி என்றால் மூன்று கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி: அது என்ன கட்டி?

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதில் எலும்பு நன்றாகத் தெரியும். குடல் அப்படித் தெரியாது. அதனால் பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். குடலின் உருவம் தெரிந்தது. ஆனால் சிறு கட்டிகள் தப்பிவிடுவது உண்டு.

1957-ல் அமெரிக்காவில் டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் குழாய் ஒன்றை அறிமுகப்படுத்தினார். வாய் வழியாக விட்டு, இரைப்பையை நேராகவே பார்க்கலாம். இதுதான் எண்டாஸ்கோப்பி. பெருங்குடலைப் பார்ப்பது கொலோனோஸ்கோப்பி. சந்தேகமான இடத்தில் சிறிது சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கலாம். புற்றுநோயா, இல்லையா என்று உறுதி சொல்வது அந்தச் சதைச் சோதனைதான்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு ஆழம்?

குழாயின் நுனியில் ஒலி அலைக் கருவியைப் பொருத்தியும் பார்க்கிறார்கள். இரைப்பைச் சுவரில் எத்தனை அடுக்கு வரை கட்டி இறங்கியிருக்கிறது என்று அது காட்டும். மலக்குடல் கட்டியின் ஆழத்தைக் காண எம்.ஆர்.ஐ. சிறந்தது. அது காந்தத்தால் இயங்குவது. அதில் எக்ஸ்ரே கிடையாது.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

இங்கேதான் சி.டி. ஸ்கேன் கைகொடுக்கிறது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு இப்படம் எடுத்தார்கள். ரொட்டியைத் துண்டு போடுவது போல் உடலைத் துண்டு துண்டாகக் காட்டும். கல்லீரல், நுரையீரல் எல்லாம் தெரியும். பெட் ஸ்கேனில் கதிர் வீசும் சர்க்கரையை ஊசி மூலம் ஏற்றுவார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் கட்டி பளிச்சென்று தெரியும். ஆனால் எல்லாக் கட்டிகளும் அப்படித் தெரிவதில்லை!

ஆபத்து எங்கே இருக்கிறது? குழாய்க்குப் பயப்படுவதில்தான்! "குழாய் வேண்டாம், ஸ்கேன் போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் இருக்கும் சிறு கட்டி ஸ்கேனில் தெரியாமல் போகலாம். குழாயோ அதைக் கண்டுபிடித்துவிடலாம். சில நிமிட வேதனைக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கலாமா?

சாப்பாடு விழுங்க முடியவில்லையா? மலம் கறுப்பாகப் போகிறதா? ரத்தம் வருகிறதா? காரணமில்லாமல் உடல் இளைக்கிறதா? "வாயுத் தொல்லை" என்று மாத்திரை விழுங்கிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். டாக்டரிடம் போங்கள். எந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தாலும் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, இது எதைக் கண்டுபிடிக்க?"

அந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை. சங்கிலியையும் காக்கும். உயிரையும் காக்கும்!