ஓடுகிற கம்ப்யூட்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

"நல்லாத்தானே ஓடுது? எதுக்கு மாத்தணும்?"

பாரிமுனையிலும் சரி, புரசைவாக்கத்திலும் சரி, கடை முதலாளிகள் கேட்கிற கேள்வி இது. காசு போட்டு வாங்கிய பொருள். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் பதிலையும் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டரை இயக்கும் மூல புரோகிராம் விண்டோஸ். இதில் விண்டோஸ் 10 என்பது 2015-ல் வந்தது. அதற்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திக் கொண்டது.

அன்று எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. மறுநாளும் பில் அடித்தது. அதனால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைக்குப் பூட்டு இருக்கிறது. ஆனால் கள்ளச்சாவி வந்தால், பூட்டை மாற்றித் தர இனி ஆள் இல்லை!

2017-ல் நடந்தது

2017 மே 12-ந்தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகத்தைக் கலக்கியது. கணக்குகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே தடுமாறின.

அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாதவர்களும், திருத்தம் நின்றுபோன பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள்.

"நம்ம கடையிலே திருட என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்த வைரஸ் ஆள் பார்த்து நுழையவில்லை. உங்கள் கடன் பாக்கிக் கணக்கு, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

அது போனால் முதலாளிக்கு நஷ்டம். பழி மட்டும் பில் போடும் பையன் தலையிலே விழும். "நீ எதையோ அமுக்கிட்டே!" என்பார்கள்.

அவசரமும் கூடாது

அதற்காக நாளைக்கே ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். திட்டம் போட்டுச் செய்யுங்கள்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதுங்கள். பில் புரோகிராம், பிரிண்டர், எடை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், தமிழ் எழுத்துரு எல்லாம் அதில் வர வேண்டும். இவை விண்டோஸ் 11-ல் வேலை செய்யுமா என்று விற்றவரிடம் கேளுங்கள். டாஸ் காலத்து 16-பிட் பில் புரோகிராம் அதில் ஓடாது. இதைப் பணம் கொடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது, இருக்கிற மெஷினே தாங்குமா என்று பாருங்கள். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, அனுமதிக்கப்பட்ட பிராசஸர் இவை வேண்டும். தகுதி இருந்து, அசல் விண்டோஸ் 10-ம் இருந்தால் மாறுவது இலவசம். யாராவது 'லைசென்ஸ் காசு' கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, கணக்கை இரண்டு காப்பி எடுங்கள். ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். எடுத்தால் மட்டும் போதாது. வேறு மெஷினில் போட்டு, திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டாலி வைத்திருப்பவர்கள் பழைய மெஷினில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுத்தான் புதியதுக்குக் கொண்டு போக வேண்டும்.

நான்காவது, ஐந்து மெஷின் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு தருகிறவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டி கை வைக்காதீர்கள். மளிகைக் கடைக்கு மாத முதல் வாரம் ஆகாது. ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி நேரம் ஆகாது.

தவணை தீர்வு ஆகாது

பணம் கட்டினால் திருத்தம் தருகிறோம் என்றும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. கம்பெனிகளுக்கு முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர். அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. அதுவும் மூன்று வருஷம்தான். மூச்சு விட நேரம் கிடைக்கும். வேலை முடிந்துவிடாது.

கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து அட்டையில் காலாவதி தேதி இருக்கிறது. அதுபோல, "இதன் விண்டோஸுக்கு இந்தத் தேதி வரை திருத்தம் வரும்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வியாபாரிகள் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாற்றும் நாளை நீங்களே குறியுங்கள். கம்ப்யூட்டர் குறிக்கும்படி விட்டால், அது தீபாவளிக்கு முதல் நாளாகத்தான் இருக்கும்!