வீட்டிலிருந்து வேலை: ஒப்பந்தம் எங்கே?

கொழுந்து பறிக்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கி, கடையிலும் காரியாலயத்திலும் உழைப்பவர்களில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. அப்போது வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். சிலருக்கு அது இன்னும் முடியவில்லை.

அப்படி ஒரு பிள்ளையைக் கடந்த மாதம் சந்தித்தோம். கொழும்புக் காரியாலயமொன்றின் கணக்கு வேலை. அறை வாடகை கட்டுப்படியாகாமல் லயத்துக்கே வந்துவிட்டாள். சிக்னல் தேடி இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறாள். லெப்டொப் அவளுடையது, டேட்டா காசு அவளுடையது, கரண்ட் பில் அப்பாவுடையது. இரவு ஒன்பது மணிக்கும் வட்ஸ்அப்பில் வேலை வருகிறது. ஓவர்டைம் கேட்டால், "வீட்டில்தானே இருக்கிறாய்" என்கிறார்களாம்.

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆனால் அது கடையையும் காரியாலயத்தையும் மனதில் வைத்து எழுதிய சட்டம். இஸ்தோப்பில் நடக்கும் வேலைக்கு நேரம் குறிப்பது யார்?

பேசித் தீர்க்க முடியாத விடயமல்ல. ஐரோப்பாவில் 2002 ஜூலையிலேயே தொழிற்சங்கங்களும் முதலாளிமார் அமைப்புகளும் இதற்கென ஒப்பந்தம் செய்தன: தொழிலாளி விரும்பினால் மட்டும், உரிமைகள் குறையாது, உபகரணம் பொதுவாக முதலாளி பொறுப்பு. நம் நாட்டிலும் 2020 மே மாதத்தில் முதலாளிமார் சம்மேளனமும் சங்கங்களும் அரசாங்கமும் கூடிப் பேசின. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது என்று உடன்பட்டன. வேலையில்லாமல் வீட்டில் இருந்தவருக்கே பேச முடிந்தது. வீட்டில் வேலை செய்பவருக்கு ஏன் முடியாது?

ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளம் வர்த்தமானியில் இருந்தது, எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதோ துரையின் வாயில். பல தோட்டங்களில் கிலோ ஏறியது. குறைந்தவருக்கு அரைப் பேர். அந்தப் பிள்ளைக்கும் இதுதான்: சம்பளம் அப்படியே, நோம் மட்டும் யாரும் கையெழுத்திடாமல் ஏறுகிறது.

வீட்டு வேலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, வாடகை மிச்சம், அம்மாவுக்குத் துணை. வேலை நேரம் எழுத்தில் வரட்டும். டேட்டாவுக்கும் கரண்டுக்கும் கொடுப்பனவு வரட்டும். "கொன்ட்ராக்ட்" என்று பெயர் மாற்றி ஊழியர் சேமலாப நிதியை நிறுத்தும் வித்தைக்கு இடம் கொடுக்கக் கூடாது. வெளியார் உற்பத்தி முறை என்று நம்மிடம் காட்டுவதும் அதே வித்தைதான்.

கொழும்பில் பிள்ளைகள் வேலை செய்யும் வீட்டார், நியமனக் கடிதத்தின் பிரதியை அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கடிதமே கொடுக்கவில்லை என்றால் அதையும் தலைவரிடம் சொல்லுங்கள்.