குரலிழந்தோர் கோரிக்கை

புது தில்லி: அலிபிரியில் மலையேறும் பக்தர்களின் கோவிந்தா முழக்கம் ஓய்வதில்லை. ஆனால், குரலையே பிழைப்பாகக் கொண்ட ஆசிரியரும் கூவி விற்பவரும் தொண்டை கம்மினால் எங்கே செல்வர்?

ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமத்தில் 2000-லேயே தொலைமருத்துவம் தொடங்கியது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி 2019-ல் வந்தது.

கம்மலுக்குப் புற்றுநோயும் காரணமாகலாம் என்பதால், குரல்நாண் பரிசோதனைக்கு நேரில் வந்தே தீர வேண்டும். அதன்பின் வாரக்கணக்கில் தொடரும் மூச்சு, ஒலிப் பயிற்சிகளைப் பலருக்கும் காணொலியிலேயே அளிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழந்து நகருக்கு வரச் சொல்வது நியாயமன்று.

மாவட்டந்தோறும் பேச்சுப் பயிற்சி நிபுணர்களை நியமித்து, இச்சேவையை உறுதி செய்வது மத்திய, மாநில அரசுகளின் கடமை. குரலிழந்தவர்கள் உரக்கக் கேட்கட்டும் என்று காத்திருக்கலாகாது.