நீதிதேவன் லீவுல இருந்தாரா?

மார்வெல் புண்ணியத்துல தோர், லோகியை எல்லாருக்கும் தெரியும். ஃபோர்செட்டியைத் தெரியுமா? நார்ஸ் புராணத்துல நீதிக்கான கடவுள். தங்கத் தூண், வெள்ளிக் கூரை போட்ட கிளிட்னிர் மாளிகையில உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணுவார். வழக்கோட வர்றவங்க எல்லாரும் சமாதானமாத்தான் திரும்பிப் போவாங்கன்னு 13-ஆம் நூற்றாண்டுல ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதி வெச்சிருக்கார்.

இவரோட அப்பா பால்டர். லோகியோட சதியால, கண்ணு தெரியாத ஹோடர் எறிஞ்ச புல்லுருவி பட்டு செத்துப்போன அதே பால்டர். ஆனா அந்தக் கொலை வழக்கு மகன்கிட்ட வரவே இல்லை! தேவர்களே லோகியைப் பிடிச்சாங்க. அவன் பிள்ளைகள்ல ஒருத்தனை ஓநாயாக்கி, இன்னொருத்தனைக் கடிச்சுக் கிழிக்க வெச்சு, அந்தக் குடலாலயே அப்பனைப் பாறையில கட்டிப்போட்டாங்க. அந்தப் பசங்க என்ன தப்பு பண்ணாங்க? யாரும் கேக்கலை. ஃபோர்செட்டி பேரே அந்த இடத்துல இல்லை.

கதையில ஓட்டைன்னு தோணும். என்னைக் கேட்டா, இதுதான் சரி. அப்பா கொலைக்கு மகனே தீர்ப்பு சொன்னா அது நீதியா? தவிர, அங்கே நடந்தது விசாரணையே இல்லை, பழிவாங்கல். பழிவாங்கறதுன்னு முடிவு பண்ணினப்புறம் நடுவரை யாருங்க கூப்பிடுவாங்க?