கை அறியும் எழுத்து

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாலும் அது நாற்காலிதான். 'ப'வைக் கவிழ்த்துப் போட்டால் அது எழுத்தே இல்லை. பிறந்ததிலிருந்து பொருள்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடையாளம் காணப் பழகிய மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு எழுத்து ஒரு புது உலகம். அங்கே கோடு எந்தத் திசையில் செல்கிறது என்பதே முக்கியம். அந்த உருவத்துக்கும் அதன் ஒலிக்கும் இயல்பான உறவு எதுவும் கிடையாது. உருவம், திசை, ஒலி மூன்றையும் ஒன்றாக முடிந்துவைப்பதே எழுத்தறிவின் முதல் படி. மாண்டிசோரி வகுப்பின் உப்புத்தாள் எழுத்தும் கைக்கணினியின் செயலியும் இந்த முடிச்சைத்தான் போட முயல்கின்றன.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அதற்கு முன்பு, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு விரலால் வருடிப் பார்க்கும் மர எழுத்துகளைக் கொண்டு கற்பித்திருந்தார். அதுபோன்ற எழுத்துகளைப் புதிய இல்லத்துக்குச் செய்துதர ஆள் கிடைக்காததால், உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார். வேறு வழியின்றிச் செய்த அந்த எளிய கருவி, நூறாண்டு கடந்தும் வகுப்பறைகளில் இருக்கிறது.

அதைப் பயன்படுத்தும் முறை நுட்பமானது. குழந்தை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே எழுத்தை வருடுகிறது. 'ட' என்றால் மேலிருந்து கீழே ஓர் இறக்கம், பிறகு வலப்பக்கம் ஓர் இழுப்பு. விரல் தடம் மாறினால் சொரசொரப்பு நின்று அட்டையின் வழவழப்பு தட்டுப்படும். தவறைக் கருவியே சொல்லிவிடுகிறது. வருடும்போதே ஆசிரியர் ஒலியைச் சொல்கிறார். அடுத்து, இரண்டு மூன்று அட்டைகளை வைத்து 'ட எது?' என்று கேட்கிறார். கடைசியில் ஒன்றைக் காட்டி 'இது என்ன?' என்கிறார். பெயர் சொல்லுதல், அடையாளம் காட்டுதல், நினைவிலிருந்து கூறுதல் என்ற இந்த மூன்று கட்டங்கள் பிரெஞ்சுக் கல்வியாளர் செகென் வகுத்தவை. இதன்பின் வெட்டிவைத்த எழுத்துகளை அடுக்கிக் குழந்தை தானே சொற்களை அமைக்கும். பென்சில் பிடிக்கக் கை பழகும் முன்பே மனம் எழுதத் தொடங்கிவிடுகிறது.

விரலால் எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும், விஜயதசமியன்று அரிசியில் எழுதவைப்பதும் இதே அறிவுதான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். அவர் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூல் வழியே அந்த மணல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. பின்னர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கினார்; அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன.

தொடுதிரை இன்று அந்த மணலின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் பலத்தை மறுக்க முடியாது. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் அது ஒலியைச் சொல்லும். பெற்றோருக்கு எழுத்தறிவு இல்லாத வீட்டிலும், தமிழ் புழங்காத வெளிநாட்டு வீட்டிலும் 'ழ'வின் சரியான உச்சரிப்பைக் கேட்கச் செய்யும். கோட்டை எங்கே தொடங்குவது என்று அம்புக்குறியிட்டுக் காட்டும்.

ஆனால் கண்ணாடியில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. விரலுக்குத் தடம் தெரிவதில்லை. பல செயலிகளில் 'அ'வின் வெற்றுருவுக்குள் குழந்தை எப்படித் தேய்த்தாலும் வண்ணம் நிரம்பிவிடும். கீழிருந்து மேலே தேய்த்தாலும் நட்சத்திரம் சிதறும், கைதட்டல் கேட்கும். அங்கே குழந்தை எழுத்தை எழுதவில்லை, வண்ணம் பூசியிருக்கிறது. பாராட்டு கிடைத்ததால் அந்தத் தவறான திசையே கையில் படிந்துவிடும்.

கை இயக்கத்துக்கும் எழுத்தறிவுக்கும் உள்ள உறவை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சற்று மூத்தவர்கள், விசைப்பலகையில் தட்டிப் பழகிய எழுத்துகளைவிடக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டனர். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்தும், சிலவற்றைச் சுவட்டின் மேல் வரைந்தும், சிலவற்றைத் தாங்களாகவே எழுதியும் பழகினர். பிறகு மூளையைப் படம் எடுத்தபோது, படிப்புக்குரிய பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துகளுக்கே தெளிவாக விழித்தெழுந்தன. குழந்தை எழுதும் 'ட' ஒருமுறை சாயும், ஒருமுறை நீளும். இத்தனை கோணல்களுக்கும் பொதுவானது எது என்று தேடும்போதுதான் எழுத்து பிடிபடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்த முடிவு செயலிக்கு மட்டுமல்ல, உப்புத்தாளுக்கும் எச்சரிக்கை. சுவட்டின் மேல் விரல் ஓட்டுவது தொடக்கம் மட்டுமே. அட்டையை வருடிய கையோடு, மணல் தட்டில் சுவடின்றி அதே எழுத்தைக் குழந்தை எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் படம் படமாகக் காட்டும் செயலி, 26 எழுத்து ஆங்கிலச் செயலியின் நகல்தான். உயிர், மெய், துணைக்குறியீடுகள் ஆகியவற்றின் சேர்க்கை பிடிபட்டால் பெரும்பாலான உயிர்மெய்கள் தானே வரும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறியீடு முன்னே நிற்க, ஒலி பின்னே வருகிறது. 'கொ', 'கோ'வில் குறி இருபுறமும் சூழ்கிறது. இதை விளக்கக் குறிகளைக் கையால் நகர்த்தி வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. திரையிலும் அதைச் செய்யலாம். 'பல்', 'அம்பு' இரண்டிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. எனவே தனி எழுத்தின் ஒலியோடு நிற்காமல், சொல்லுக்குள் வைத்தும் கேட்கச் செய்ய வேண்டும். வரிசையும் அகரமுதலாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. 'அ'வின் சுழியைவிட 'ட' எளிது. அதன் கோட்டை மேலே நீட்டினால் 'ப'. இரண்டும் தெரிந்த குழந்தை அன்றே 'பட்டம்' என்ற சொல்லை நெருங்கிவிடுகிறது. மீதம் 'ம'வும் புள்ளியும் மட்டுமே.

ஆகவே முதலில் சொரசொரப்பான அட்டை, அடுத்து மணல், பிறகு கரும்பலகையும் தாளும். பழகிய எழுத்தை மீண்டும் கேட்கவும் சொல்லாக அடுக்கவும் செயலி என்ற வரிசையே குழந்தைக்கு நல்லது. இரண்டு முதல் நான்கு வயதுவரை அசையாமல் அமர்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். செயலியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும், வாங்கும் கல்வித் துறையும் மூன்றைச் சோதித்தால் போதும்: தவறான திசையில் எழுதினால் திருத்துகிறதா, சுவடின்றி எழுத இடம் தருகிறதா, ஒலி துல்லியமா? அங்கன்வாடிக்கு ஒரு தட்டு மணலும் ஒரு கட்டு உப்புத்தாள் அட்டையும் பெரிய செலவல்ல. அருகில் அமர்ந்து 'இது என்ன?' என்று கேட்க நேரமுள்ள ஆசிரியரே அங்கே முதல் தேவை.